தையல் மெஷினுக்கு வரி உண்டா? வீட்டுத் தொழிலின் 400 வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரு கடிதத்துல ஆரம்பிக்குது.

நான் ரெண்டு வருஷம் ஆன்சைட்ல இங்கிலாந்தில் இருந்தேன். மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ஊர். அடுத்த தெருவில் திருச்சிப் பக்கத்து அக்கா ஒருத்தங்க குடும்பத்தோட இருந்தாங்க. வாடகை வீடு. மாடியில் ஒரு சின்ன ரூம். அதுல ரெண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், சுவர் ஓரமா துணி அடுக்கு. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து, பிளவுஸ் தைத்து, பிரிட்டன் முழுக்க போஸ்ட்ல அனுப்புவாங்க. தீபாவளி, பொங்கல் சமயத்தில் அந்த ரூம்ல காலை வைக்க இடம் இருக்காது.

ஒரு சனிக்கிழமை போன் வந்தது. "தம்பி, கவுன்சில்லேருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. கொஞ்சம் வந்து படிச்சுச் சொல்றியாப்பா?"

போய்ப் பார்த்தேன். நாகரிகமான ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். சாராம்சம் இதுதான்: உங்கள் வீட்டில் வணிகம் நடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, கட்டடத்தின் பயன்பாடு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விளக்கம் தாருங்கள். அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்திருக்காங்க.

அக்காவுக்கு மூணு பயம். ஒண்ணு, கடைக்குப் போடுற வரியை வீட்டுக்கும் போட்டுடுவாங்களா? ரெண்டு, தொழிலையே மூடச் சொல்லிடுவாங்களா? மூணு, ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரா?

நான் ஒரு டெவலப்பர். புரியாத எரர் வந்தா சோர்ஸ் கோடைத் திறந்து பார்க்கிறது பழக்கம். சட்டத்தையும் அப்படித்தான் திறந்தேன். தோண்டத் தோண்ட, கீழே 1601-ல எழுதின கோட் இன்னும் ஓடிட்டு இருக்கு.

முதல் பயம்: வரி

இங்கிலாந்தில் ராணி முதலாம் எலிசபெத் காலத்தில், 1601-ல், ஏழைகள் நிவாரணச் சட்டம் ஒன்று வந்தது. ஊரில் இருக்கிற ஏழைகளை அந்தந்த ஊரே பார்த்துக்கணும். அதுக்குப் பணம்? ஒவ்வொரு சர்ச் வட்டாரத்திலும் மேற்பார்வையாளர்களை நியமித்து, நிலமோ வீடோ வைத்து அனுபவிக்கிறவர்களிடம் வசூல் பண்ணச் சொன்னார்கள். இதுதான் 'ரேட்'. கவனிங்க, சொந்தக்காரர் மேல இல்ல, அனுபவிக்கிறவர் மேல. குடியிருக்கிறவர்தான் கட்டணும்.

எவ்வளவு கட்டணும்? 1836-ல வந்த ஒரு சட்டம் இதுக்கு ஒரு ஃபார்முலா கொடுத்தது. இந்த இடத்தை வருஷா வருஷம் வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாம்? அதுதான் அடிப்படை. உண்மையில் யாரும் வாடகைக்கு வர வேண்டாம். ஒரு கற்பனை வாடகைதாரரை மனசுல வெச்சுக்கணும். அந்தக் கற்பனை மனுஷன் இன்னைக்கும் பிரிட்டிஷ் சொத்து மதிப்பீட்டில் உயிரோட இருக்கார்.

அந்தக் காலத்தில் வீடு வேற, வேலை செய்யுற இடம் வேற என்கிற பிரிவே பெரிசா கிடையாது. யார்க்‌ஷயரில் கோல்ன் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் பழைய நெசவாளர் வீடுகளைப் பார்க்கலாம். மேல் மாடியில் மட்டும் வரிசையா நீள ஜன்னல்கள் இருக்கும். அலங்காரத்துக்கு இல்ல, தறிக்கு வெளிச்சம் வேணும். கீழே சமையல், மேலே தறி. மொத்தமும் ஒரே வீடு, ஒரே ரேட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவென்ட்ரிக்குப் போயிருந்தேன். கால்வாய் ஓரமா ஒரு செங்கல் கட்டட வரிசை இருக்கு. பேரு கேஷ் டாப்ஷாப்ஸ். ஜான் கேஷ், ஜோசப் கேஷ் என்ற குவேக்கர் சகோதரர்கள் 1857-ல கட்டினது. அப்போ கோவென்ட்ரி பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர் போன ஊர். நீராவித் தறி வந்து, தொழிற்சாலைக்கு வந்து வேலை செய்யுன்னு சொன்னா நெசவாளர்களுக்குப் பிடிக்கல. கேஷ் சகோதரர்கள் என்ன பண்ணாங்கன்னா, தொழிற்சாலையை வீட்டு மாடிக்குக் கொண்டு வந்துட்டாங்க. கீழ் ரெண்டு தளம் வீடு. மேல் தளம் பட்டறை. பொதுவான ஒரு நீராவி எந்திரத்திலிருந்து சுழல்தண்டு வழியா எல்லா வீட்டு மாடிக்கும் சக்தி போகும். 100 வீடு கட்டத் திட்டம், 48 தான் கட்டினாங்க. 1860-ல பிரான்ஸோட வணிக ஒப்பந்தம் வந்து, பிரெஞ்சு ரிப்பன் மலிவா உள்ளே நுழைஞ்சதும் கோவென்ட்ரி ரிப்பன் தொழில் விழுந்துடுச்சு.

பொதுவான சர்வர், ஆளாளுக்கு வீட்டில் ஒரு டெர்மினல். 160 வருஷத்துக்கு முன்னாடி வொர்க் ஃப்ரம் ஹோம் இப்படித்தான் இருந்தது.

அப்போ 'இந்த ரூம் வீடா, கடையா?' என்கிற கேள்வி எப்போ வந்தது? அது நாம நினைக்கிறதைவிட ரொம்பப் புதுசு. மார்கரெட் தாட்சர் அரசு 1988-ல உள்ளாட்சி நிதிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அது 1990-ல இங்கிலாந்தில் அமலுக்கு வந்தபோது வீடுகள் மேல இருந்த ரேட் ஒழிந்தது. அதுக்குப் பதிலா வந்ததுதான் பெரியவங்க ஆளுக்கு இவ்வளவுன்னு போட்ட தலைவரி, அதாவது போல் டாக்ஸ். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே வெடித்தது. 1993-ல தலைவரி போய், கவுன்சில் டாக்ஸ் வந்தது. இந்தச் சண்டை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

யாரும் பெரிசா பேசாத விஷயம் ஒண்ணு. அதே சட்டம் சொத்துகளை ரெண்டாப் பிரிச்சது. வீடு ஒரு பக்கம். வீடு அல்லாத எல்லாம் இன்னொரு பக்கம், அதுக்கு நாடு முழுக்க ஒரே விகிதத்தில் பிசினஸ் ரேட்ஸ். ஒரே கட்டடத்தில் ரெண்டும் இருந்தா, 'கூட்டுச் சொத்து'ன்னு சொல்லி, ஒரு பகுதிக்கு இந்த வரி, இன்னொரு பகுதிக்கு அந்த வரி. அதுவரைக்கும் பெரிசாத் தேவைப்படாத ஒரு கோட்டை, வீட்டுக்குள்ள ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல போட வேண்டிய நிலைமை வந்துடுச்சு.

இதுல ஒரு பக்காவான பக் இருக்கு. சட்டப்படி எது வீடு? 'முழுக்க முழுக்க' வசிப்பதற்காகப் பயன்படும் இடம். அந்த 'முழுக்க' என்கிற வார்த்தையைப் பாருங்க. மேசையில் லேப்டாப் வெச்சு ஆபீஸ் வேலை பார்த்தாலே அந்த நிபந்தனை உடைஞ்சிடுதே! 2003-ல இப்படி ஒரு வழக்கு லேண்ட்ஸ் டிரிபியூனலுக்குப் போனது. ஒரு பெண் வீட்டில் ஒரு ரூமில் முழுநேரமும் அலுவலக வேலை பார்க்கிறார். அந்த ரூமுக்குத் தனியாக பிசினஸ் ரேட்ஸ் உண்டா? தீர்ப்பு: இல்லை. வீட்டில் யாரும் வெச்சிருக்கிற மாதிரி மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர். ரூமை இடிச்சு மாத்தல. வெளியாள் வேலைக்கு வரல. வாடிக்கையாளர் வரல. அதனால அது இன்னும் வீடுதான்.

இன்றைக்கு அரசு சொல்லும் வழிகாட்டுதலும் இதே தடத்தில்தான் போகுது. வீட்டின் சின்னப் பகுதியைப் பயன்படுத்தினாலோ, பொருளைத் தபாலில் விற்றாலோ, பொதுவாக பிசினஸ் ரேட்ஸ் கிடையாது. வாங்க ஆட்கள் வீட்டுக்கு வந்தாலோ, வேலைக்கு ஆள் வெச்சாலோ, கராஜை சலூன் ஆக்கின மாதிரி கட்டடத்தை மாத்தினாலோ, வரலாம். அப்படியே வந்தாலும், இங்கிலாந்தில் 2017 முதல், உங்க தொழிலுக்கு அந்த ஒரே இடம்தான், அதன் வரி மதிப்பு 12,000 பவுண்டுக்கு மேல் இல்லைன்னா, விண்ணப்பித்தால் முழுத் தள்ளுபடி. ஒரு சின்னத் தையல் ரூமின் மதிப்பு அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

"அக்கா, வரியைப் பத்தி நீங்க பயப்படவே வேண்டாம்"னு சொன்னேன். அவங்க நம்பல. "அப்புறம் எதுக்குப்பா லெட்டர்?"

ரெண்டாவது பயம்: மூடச் சொல்லிடுவாங்களா?

இதுக்கு 1909-க்குப் போகணும். அதுக்கு முன்னாடி 1906.

1906-ல லண்டன் குயின்ஸ் ஹாலில் டெய்லி நியூஸ் பத்திரிகை ஒரு கண்காட்சி நடத்தியது. பொருட்காட்சி இல்ல, மனிதக் காட்சி. தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், சட்டை தைக்கிறவர்கள் என்று, வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்யும் ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, மேடைக்குக் கொண்டு வந்து, அவர்கள் செய்யுற வேலையையும் வாங்குற கூலியையும் ஊருக்குக் காட்டினார்கள். பணக்கார லண்டன் அதிர்ந்தது. ஏன் அதிர்ச்சி? இந்த வேலை பக்கத்துத் தெருவிலேயே நடந்துட்டு இருந்தது, ஆனா கதவுக்குப் பின்னால். தொழிற்சாலைச் சட்டங்கள் தொழிற்சாலை வாசலோட பெரும்பாலும் நின்னுடும்.

1909-ல ரெண்டு சட்டம் வருது. ஒண்ணு, டிரேட் போர்ட்ஸ் சட்டம். நாலு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி: சங்கிலி செய்வது, ரெடிமேட் தையல், காகிதப் பெட்டி, எந்திர லேஸ். அடுத்த வருஷம், 1910-ல, கிராட்லி ஹீத்தில் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் சங்கிலி அடிக்கும் பெண்கள், மேரி மக்கார்த்தர் தலைமையில் பத்து வாரம் போராடி, மணிக்கு இரண்டரை பென்னி என்ற அந்தக் கூலியை முதலாளிகளிடமிருந்து வாங்கினார்கள்.

அதே 1909-ல வந்த இன்னொண்ணு, வீட்டுவசதி மற்றும் நகரத் திட்டச் சட்டம். ஊர் எப்படி வளரணும், எங்கே வீடு, எங்கே ஆலை என்று உள்ளாட்சி திட்டம் போடலாம். சுகாதாரம், வசதி, அதோட 'அமெனிட்டி' என்று ஒரு வார்த்தை. தமிழில் 'குடியிருக்கிற இடத்தின் இதம்' என்று வெச்சுக்கலாம். சத்தம் வேண்டாம், நாத்தம் வேண்டாம், வண்டி நெரிசல் வேண்டாம்.

ஒரே வருஷம், ரெண்டு சட்டம். ஒண்ணு வீட்டுக்குள்ள வேலை செய்யுற பெண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டு வர நினைச்சது. இன்னொண்ணு, வேலையை வீட்டுத் தெருவிலிருந்து தள்ளி வைக்க நினைச்சது. அக்காவுக்கு வந்த லெட்டர் ரெண்டாவது சட்டத்தோட பேத்தி.

அந்தச் சட்டம் முழு உருவம் எடுத்தது 1947-ல, கிளமென்ட் அட்லி அரசின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தில். 1948 ஜூலை 1 முதல், கட்டடம் கட்ட மட்டும் இல்ல, இருக்கிற கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றவும் அனுமதி வேணும். கூடவே ஒரு விலக்கு: வீட்டு வளாகத்தில், வீட்டு வாழ்க்கையோடு ஒட்டி நடக்கிற விஷயங்களுக்கு அனுமதி வேண்டாம்.

எது ஒட்டி நடக்கிறது, எது கணிசமான மாற்றம்? சட்டத்தில் எண் எதுவும் இல்ல. ஒவ்வொரு கேஸா, அளவைப் பார்த்து முடிவு பண்ணணும். 1990 வாக்கில் வேல்ஸில் ஒரு வழக்கு. ஒருத்தர் வீட்டில் 44 நாய் வளர்த்தார். விற்பனைக்கு இல்ல, வெறும் ஆசைக்கு. இது வீட்டோடு ஒட்டின விஷயம்னு வாதாடினார். நீதிமன்றம் ஏத்துக்கல.

எனக்கு இந்த கேஸ்தான் கண்ணைத் திறந்தது. நாம எல்லாரும் 'வீட்டில் தொழில் பண்ணக் கூடாது'ன்னு ஒரு சட்டம் இருக்குன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. காசு வாங்குறியா, லாபம் வருதா என்று திட்டச் சட்டம் கேட்கவே இல்ல. ஒரு ரூபாய் சம்பாதிக்காமலும் கோட்டைத் தாண்டலாம், கோடி சம்பாதிச்சும் தாண்டாம இருக்கலாம். கேள்வி ஒண்ணுதான்: வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இது இன்னும் வீடாத் தெரியுதா?

மூணாவது பயம்: ஹவுஸ் ஓனர்

இது சின்னக் கதை. 1954-ல வந்த ஒரு சட்டம், தொழிலுக்காக இடம் எடுத்த வாடகைதாரரை எளிதில் காலி பண்ண முடியாது என்று பாதுகாப்பு கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனா பக்க விளைவு, வீட்டு ஓனர்கள் உஷாராகி, வாடகை ஒப்பந்தத்திலேயே 'தொழில் செய்யக் கூடாது'ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. வீட்டில் தொழில்னு ஒத்துக்கிட்டா இந்த ஆள் நாளைக்குக் கிளம்ப மாட்டாரோன்னு பயம். 60 வருஷம் கழிச்சு, 2015-ல ஒரு பேட்ச் போட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் தொடங்கும் ஒப்பந்தங்களில், வீட்டில் செய்யத் தக்க தொழிலுக்கு ஓனர் சம்மதம் கொடுத்தாலும் அந்த 1954 பாதுகாப்பு ஒட்டாது. அதனால ஓனர் தைரியமா 'சரி' சொல்லலாம். அக்கா கேட்டாங்க. அவரும் ஒரு ஈமெயில்ல சரி சொல்லிட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு

கவுன்சில் ஆபீசர் ஒரு நாள் வந்தாங்க. ரொம்ப மரியாதையான அம்மா. நாலே கேள்வி. வேலைக்கு ஆள் உண்டா? இல்ல. மெஷின் சத்தம் ராத்திரி கேட்குமா? ஒன்பது மணிக்கு நிறுத்திடுவேன். வேன் எத்தனை வரும்? நானே தபால் ஆபீஸ்ல கொண்டு போய்க் கொடுக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவாங்களா?

அக்கா ஒரு நிமிஷம் பேசல.

வருவாங்க. சனி, ஞாயிறு. அளவு கொடுக்க, போட்டுப் பார்க்க. பத்துப் பன்னிரண்டு பேர். காரை எங்கேயாவது நிறுத்துவாங்க. பக்கத்து வீட்டு வாசலை மறைக்கும். புகார் அங்கிருந்துதான்.

அதை நிறுத்தினால் பிரச்சினை இல்லைன்னு அந்த அம்மா சொன்னாங்க. தொடரணும்னா அனுமதிக்கு விண்ணப்பம் போடலாம், கட்டணம் உண்டு, கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல. அக்கா நிறுத்திட்டாங்க. வீடியோ கால்ல அளவு எடுக்கப் பழகினாங்க. கேஸ் மூடியாச்சு. நான் வெற்றின்னு நினைச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு அவங்க சொன்னது: "பிசினஸ் ஓடுதுப்பா. ஆனா வீட்டுக்கு யாருமே வர்றதில்ல." அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் வெறும் வாடிக்கையாளர் கூட்டம் இல்ல. டீ, சீரியல் கதை, யாருக்கு விசா வந்தது, யாருக்கு மாமியார் வந்தாங்க, எல்லாம் அந்த ரூம்லதான். சட்டம் அதைத் தடுக்கணும்னு நினைக்கல. ஆனா சட்டம் தேடுற அடையாளம் அதுதான்.

பக்கத்திலேயே நான். அதே ஊர்ல, லாக்டவுன் தொடங்கியதிலிருந்து பெட்ரூம்ல உட்கார்ந்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கோட் எழுதினேன். அக்காவைவிடப் பல மடங்கு சம்பாதிச்சேன். ஒரு லெட்டர் வரல. என் வேலை கண்ணுக்குத் தெரியாது. அவங்க வேலைக்குச் சத்தம் உண்டு, துணி உண்டு, வந்து போற மனுஷங்க உண்டு. 1906-ல கண்ணுக்குத் தெரியாம இருந்ததுதான் அந்தப் பெண்களோட பிரச்சினை. இப்போ கண்ணுக்குத் தெரியாம இருந்தால்தான் விடுறாங்க. இந்த முரணுக்கு என்கிட்ட ஃபிக்ஸ் இல்ல.

நம்ம ஊருக்கு

இது லண்டன் கதைன்னு ஒதுக்கிடாதீங்க. அந்தக் கற்பனை வாடகைதாரர் கப்பல் ஏறி மெட்ராஸுக்கும் வந்தார். 2023 வரை சென்னை மாநகராட்சியின் அடிப்படைச் சட்டமா இருந்த 1919-ஆம் வருஷச் சட்டம், சொத்து வரிக்கு ஆண்டு மதிப்பை எப்படிக் கணக்குப் போடச் சொன்னது? நியாயமாக எதிர்பார்க்கக் கூடிய வாடகை, கட்டடத்துக்கு அதில் பழுதுபார்ப்புக்குப் பத்து சதவீதம் கழிவு. ஒரு வித்தியாசம்: இங்கே வரி முதலில் சொத்து உரிமையாளர் தலையில். அதே மாதிரி, தமிழ்நாட்டின் 1971 நகர ஊரமைப்புச் சட்டத்திலும் 'பயன்பாட்டில் கணிசமான மாற்றம்' என்ற சொல் 1947-லிருந்து நேரா வந்து உட்கார்ந்திருக்கு.

நம்ம மின்கட்டண விதிகளிலும் இந்தக் கோடு உண்டு. வீட்டோடு சேர்ந்த, 200 சதுர அடிக்குள் இருக்கிற டாக்டர், வக்கீல் மாதிரியான தொழில்முறை ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே. நெசவாளர் வீட்டுக் கைத்தறிக்கும் அப்படியே. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, தறியும் வீடும் ஒண்ணுதான்னு எழுதி வெச்சிருக்காங்க. தையல் மெஷினுக்கும் கேக் ஓவனுக்கும் அப்படி யாராவது எழுதணும்.

நீங்க வீட்டிலிருந்து ஆன்லைன்ல ஏதாவது விற்கிறீங்கன்னா, அந்த ஆபீசர் அம்மாவோட நாலு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்க: ஆள், சத்தம், வண்டி, வந்து போறவங்க. கூடவே வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படிங்க. எந்த ஊரா இருந்தாலும் பிரச்சினை பெரும்பாலும் இந்த அஞ்சு இடத்துலதான் ஆரம்பிக்கும். பதில் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா, லெட்டர் வந்த அன்னைக்குக் கை நடுங்காது.

நான் ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வாரம் அக்கா கூப்பிட்டாங்க. கடைத்தெருவில், சலூனுக்கு மேலே ஒரு சின்ன இடம் வாடகைக்குப் பார்த்திருக்காங்களாம். முழுத் தள்ளுபடி அங்கேயும் கிடைக்குமான்னு கேட்டாங்க. தொழிலுக்கு இருக்கிற ஒரே இடம் அதுதான்னா, மதிப்பும் 12,000-ஐத் தாண்டலைன்னா, கிடைக்கும்னு சொன்னேன்.

"அப்போ போர்டு வெக்கலாம்ல?"

வைங்கக்கா, பெரிசா வைங்கன்னு சொன்னேன்.